இருநூற்றுப் பன்னிரண்டு வாட்ச் செயின்கள்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தபோதும் சக்கரத்தைக் கண்டுபிடித்தபோதும் முறையான குழு எதுவும் அமைக்கப்பட்டதாகத் தெரியவில்லை. அதனால்தான் அவை இரண்டும் இன்றுவரை விபத்துகளை உண்டாக்கிக்கொண்டிருக்கின்றன. ஒரகடத்தில் இருக்கும் எங்கள் தொழிற்சாலை அப்படிப்பட்ட அவசரத்துக்கு இடம் கொடுக்காது. ஒரு கைக்கடிகாரத்துக்கு உறுதியும் அழகும் கொண்ட செயினைத் தேர்ந்தெடுக்க நாங்கள் நான்கு மாதம் எடுத்துக்கொண்டோம். பதினொரு கூட்டம் நடத்தினோம். ஒரு கூட்டத்துக்குப் பத்து சமோசா வீதம் சாப்பிட்டோம். வரலாறு இதைத் தானாகக் குறித்துவைக்காது என்பதால் நான் குறித்துவைக்கிறேன்.

என் பெயர் கோமதிநாயகம். நல அலுவலர். தொழிலாளர்கள் நலமாக இருக்கிறார்களா என்று கேட்டு, 'நலம்' என்று நானே எழுதி, கீழே அவர்களிடம் கையெழுத்து வாங்குவது என் பணி. பதினான்கு வருடமாக ஒருவர்கூட நலமில்லாமல் இருந்ததாக என் பதிவேட்டில் இல்லை.

எங்கள் தொழிற்சாலையில் கார்களுக்குள் ஓடும் வயர்களைக் கட்டாகக் கட்டி, டேப் சுற்றி, பெரிய கம்பெனிகளுக்கு அனுப்புகிறோம். லைனில் இருநூற்றுப் பன்னிரண்டு பெண்கள். பெரும்பாலும் தெற்கத்திப் பிள்ளைகள். காலை ஆறரைக்கு லைனில் ஏறினால் மூன்று மணிக்கு ஷிஃப்ட் முடியும். போனை கேட்டில் ஒப்படைத்துவிட வேண்டும். கைக்கடிகாரம் வயரில் சிக்கும் என்பதால் அதற்கும் தடை. முன்பு சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் பெங்களூரிலிருந்து வந்த ஒரு 'ஆலோசகர்' மூன்று நாள் லைனில் நின்று கவனித்து, ஒரு தொழிலாளி ஒரு ஷிஃப்டில் சராசரியாக நாற்பத்தொரு முறை அந்தக் கடிகாரத்தைப் பார்க்கிறார் என்று கண்டுபிடித்தார். அன்றே கடிகாரம் கழற்றப்பட்டது. இப்போது அது ஜி.எம். அப்பாவு சாரின் அறையில் இருக்கிறது. அவர் எத்தனை முறை பார்க்கிறார் என்று யாரும் எண்ணவில்லை.

கடிகாரம் இல்லாத இடத்தில் ஷிஃப்ட் முடிந்தது எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். சைரன் ஊதும். அதன் பொத்தான் என் அறையில், என் நாற்காலிக்குப் பின்னால் இருக்கும் சுவரில் இருக்கிறது. மூன்று மணி என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு கடிகாரத்திடம் ஒப்படைத்துவிடுகிற பழைய பழக்கம் எங்களிடம் கிடையாது. அன்றைய டார்கெட் முடிந்ததும் லைன் சூப்பர்வைசர் ஹேமந்த் எனக்குப் போன் செய்வார். நான் பொத்தானை அழுத்துவேன். அப்போதுதான் மூன்று மணி ஆகும். சில நாள் மூன்று மணி மூன்று ஐந்துக்கு ஆகும். சில நாள் மூன்று இருபதுக்கு ஆகும். எங்கள் கோப்புகளில் இதற்கு 'நேரத்தை உற்பத்தியோடு ஒருங்கிணைத்தல்' என்று பெயர்.

இவ்வளவு சீரான ஏற்பாட்டில்தான் பாண்டிச்செல்வி எழுந்து நின்றார்.

மார்ச் மாத நலக் கூட்டம். 'குறைகள் ஏதும் உண்டா?' என்று நான் கேட்பேன். 'இல்லை' என்று எல்லோரும் சொல்வார்கள். டீ வரும். இதுதான் மரபு. அன்று டீ வருவதற்குள் பாண்டிச்செல்வி கையைத் தூக்கிவிட்டார். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். நானும் அந்தப் பக்கம்தான் என்பதை அலுவலக நேரத்தில் நான் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

"சார், லைன்ல ஒரு கடிகாரம் மாட்டணும்."

"எதுக்கும்மா?" என்றார் அப்பாவு சார். அவர் குரலில் உண்மையான வியப்பு இருந்தது.

"நான் செங்கல்பட்டுல டைப்ரைட்டிங் படிக்கேன் சார். ஆகஸ்ட்ல பரீட்சை. கம்பெனி பஸ்ல போயி மூணு நாப்பத்தஞ்சு ரயில சிங்கப்பெருமாள் கோவில்ல பிடிச்சாத்தான் நாலேகாலுக்கு மெஷின்ல உக்கார முடியும். இல்லேன்னா மாஸ்டர் மெஷின அடுத்த பிள்ளைக்குக் குடுத்திருவாரு. இங்க சைரன் ஒருநாள் அடிச்ச நேரத்துக்கு மறுநா அடிக்கல. மணி தெரிஞ்சா மூணுன்னதும் நாங்களே எந்திரிச்சிருவோம்லா?"

"டைப்ரைட்டிங் படிச்சு?"

"குரூப் ஃபோர் எழுதி டைப்பிஸ்ட்டா போவேன் சார். கவர்மென்ட்டு ஆபீஸ்ல சுவத்துல கடிகாரம் இருக்கும்."

வேறு நிர்வாகமாக இருந்தால் ஒரு ஆணியும் ஒரு கடிகாரமும் வாங்கி அதோடு கதையை முடித்திருக்கும். அப்பாவு சார் அப்படிச் சின்னதாக யோசிக்கிறவர் அல்ல. கண்ணை மூடினார். திறந்தார்.

"சுவர்ல ஒண்ணு மாட்டினா அது பொதுச் சொத்து. ஆளுக்கு ஒண்ணு கொடுத்தா அது பாசம். இருநூத்திப் பன்னிரண்டு பேருக்கும் கைக்கடிகாரம்!"

கைத்தட்டல் அடங்கக் கொஞ்ச நேரமானது. பாண்டிச்செல்வியும் தட்டினார். அவர் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். எனக்கே ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

மறுநாளே குழு அமைந்தது. தலைவர் அப்பாவு சார். உறுப்பினர்கள் கொள்முதல் பிரிவு ஷெர்லினும் சூப்பர்வைசர் ஹேமந்தும். செயலர் நான். முதல் கூட்டத்தில் தலைவர் ஒரு தத்துவத்தை முன்வைத்தார்.

"கடிகாரத்தை யாரும் பார்க்க மாட்டாங்க. அதுல நேரத்தைத்தான் பார்ப்பாங்க. கடிகாரம்னு கண்ணுல படுறது எது? செயின். நம்ம கம்பெனி பேரை எங்க போடுவோம்? செயின் கொக்கியில. அதனால முதல்ல செயினை முடிவு பண்ணுவோம்."

ஆகவே குழுவின் பெயர் 'கைக்கடிகாரச் செயின் தேர்வுக் குழு' என்று திருத்தப்பட்டது. செயினைச் சோதிக்க ஒரு கை வேண்டும். கோரிக்கை வைத்தவரே உதவுவதுதான் நியாயம் என்று பாண்டிச்செல்வி 'பரிசோதனை மணிக்கட்டு' ஆக நியமிக்கப்பட்டார். லைனை நிறுத்தாமல் மணிக்கட்டு வர வேண்டும் என்பதால் கூட்டங்கள் எல்லாம் ஷிஃப்ட் முடிந்த பிறகு வைக்கப்பட்டன.

"சார், என்னைய மட்டும் மொதல்ல பாத்து அனுப்பிருங்க சார். ஓடிப் போயி ரயில பிடிச்சிருவேன்" என்று அவர் முதல் நாளே என்னிடம் கேட்டார்.

நிகழ்ச்சி நிரலில் மணிக்கட்டு கடைசிப் பொருள். நிரலை மாற்ற ஒரு கூட்டம் போட வேண்டும். அதை அவருக்கு நான் அன்போடு விளக்கினேன்.

லெதர் பட்டை முதலில் வந்தது. தேன் நிறம், நல்ல தையல். பார்த்தவுடன் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. ஏப்ரல் வெயிலில் மூன்று வாரம் பாண்டிச்செல்வியின் கையில் இருந்தபின் கூட்ட அறையின் ஜன்னல்களைத் திறக்க வேண்டியதாயிற்று.

"வேர்வையைக் குடிச்சிருக்கு சார்" என்றார் ஷெர்லின்.

"தொழிலாளியோட வேர்வை நம்ம கம்பெனியின் பெருமை" என்றார் தலைவர். "பெருமை நாறக் கூடாது." லெதர் நிராகரிக்கப்பட்டது.

அடுத்து ரப்பர். தண்ணீருக்கும் அசையாது, நாற்றமும் இல்லை. பத்து நாளில் பாண்டிச்செல்வியின் மணிக்கட்டில் சிவப்புத் தடிப்பு வந்தது. தரக்கட்டுப்பாட்டுத் துறைக்கு அவசரமாக அனுப்பினோம். பட்டையை எல்லாக் கோணத்திலும் ஆராய்ந்து, பட்டைக்கு எந்தப் பாதிப்பும் இல்லை என்று சான்றிதழ் தந்தார்கள். நாங்கள் பெருமூச்சு விட்டோம். தடிப்புக்கு அவர் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டதாகக் கேள்வி.

தங்க முலாம் பூசிய செயினுக்கு ஹேமந்த் உயிரைக் கொடுத்துப் பேசினார். "சார், இத்த போட்டுகினு ஒரு கல்யாணத்துக்குப் போய் நின்னா இன்னா கெத்தா கீது தெரியுமா?" ஒன்பது நாள் பாண்டிச்செல்வியின் கையோடு ஹாஸ்டல் பக்கெட்டில் சோப்புத்தூளில் ஊறியதில் தங்கம் எல்லாம் போர்வைக்குப் போய்விட்டது. வலை போல் பின்னிய செயின் கையில் இருந்த முடியைப் பிடுங்கியது. உள்ளே காலியாக இருக்கும் கண்ணிகளால் ஆன மலிவு ஸ்டீல் செயின் டேப் சுற்றும்போதெல்லாம் கலகலவென்று சத்தம் போட்டது. லைனில் ஏதோ சந்தோஷம் நடப்பது போன்ற தோற்றம் ஏற்படுகிறது என்று ஹேமந்த் ஆட்சேபித்தார்.

ஏழாவது கூட்டத்தில் ஓர் அசம்பாவிதம். கையை நீட்டிக்கொண்டு நின்ற மணிக்கட்டு திடீரென்று பேசியது.

"சார், ஒண்ணு கேக்கட்டா? கடிகாரம் என்ன அளவுன்னு தெரியாம செயின எப்படி எடுப்பீங்க? ரெண்டும் மாட்டுத இடம் பொருந்தணும்லா?"

ஷெர்லின் தன் காகிதங்களைப் புரட்டினார். ஹேமந்த் சமோசாவை வாயருகே நிறுத்திக்கொண்டார்.

"இது செயின் குழு" என்றார் தலைவர். 'நிரலுக்கு அப்பாற்பட்ட கேள்வி' என்று நான் குறிப்பேட்டில் எழுதினேன். என் கையெழுத்து மிகவும் அழகாக இருக்கும்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. வயரில் சிக்கும் எதையும் லைனில் கையில் அணியத் தடை. செயினைக் கொடுத்தால் தடையை என்ன செய்வது? இரண்டு கூட்டம் இதற்கே போயிற்று. செயினின் மேல் கம்பெனி தரும் துணிப்பட்டையை இறுக்கமாகச் சுற்றிக்கொள்ள வேண்டும் என்று முடிவானது. நேரம் பார்க்க விரும்புகிறவர் சூப்பர்வைசரின் அனுமதி பெற்றுத் துணியை அவிழ்க்கலாம்.

"அப்ப செயின் அழகு வெளிய தெரியாதே சார்?" என்றார் ஷெர்லின்.

"அழகு உள்ள இருந்தா போதும். ஆளுக்கும் அப்படித்தான்" என்றார் தலைவர். நான் இதை அடிக்கோடிட்டேன்.

பதினோராவது கூட்டத்தில் வெற்றி. துருவே பிடிக்காத ஸ்டீல். உள்ளே கெட்டியான கண்ணிகள். இரண்டு பக்கமும் பொத்தான் அழுத்தினால் மட்டும் திறக்கும் மடிப்புக் கொக்கி. மங்கிய மினுமினுப்பு. கை பருத்தவர்களுக்கும் மெலிந்தவர்களுக்கும் கண்ணிகளைக் கூட்டிக் குறைக்கலாம். உண்மையாகவே நல்ல செயின். நான் பொய் சொல்லவில்லை. பாண்டிச்செல்விகூட அதைத் தடவிப் பார்த்து, "இது நல்லாருக்கு சார்" என்றார். பிறகு, "இன்ஸ்டிடியூட்ல இன்னும் ஒரு தடவ லேட்டா வந்தா பரீட்சைக்கு அனுப்ப மாட்டேன்னுட்டாரு சார்" என்றார். குறிப்பேட்டில் முதல் வாக்கியத்தை மட்டும் சேர்த்துக்கொண்டேன்.

ஜூலையில் விழா. அதற்கு இரண்டு நாள் முன்பு பெட்டிகள் வந்து இறங்கின. நீல வெல்வெட் பெட்டிகள், இருநூற்றுப் பன்னிரண்டு. ஒன்றைத் திறந்தேன். செயின் மினுங்கியது. அதன் இரண்டு முனைகளுக்கும் நடுவில் எதுவும் இல்லை.

"ஷெர்லின், கடிகாரம் தனியா வருதா?"

ஷெர்லின் கோப்பை எடுத்து வந்து நிதானமாகப் படித்தார். "கைக்கடிகாரச் செயின், இருநூத்திப் பன்னிரண்டு. குழு தீர்மானம் இதுதான் சார். நான் ஒரு எழுத்துகூட மாத்தல. கடிகாரத்துக்குத் தீர்மானமே இல்லியே?"

பதினொரு குறிப்பேடுகளையும் புரட்டினேன். உண்மைதான். என் அழகான கையெழுத்தில் எங்கேயும் கடிகாரம் இல்லை. ஏழாவது கூட்டத்தில் மட்டும் இருந்தது, நிரலுக்கு அப்பால்.

அப்பாவு சாரிடம் ஓடினேன். அவர் அசரவில்லை. "இது முதல் கட்டம்" என்றார். "கடிகாரம் ரெண்டாம் கட்டம். அதுக்குத் தனிக் குழு." பெரிய மனிதர்கள் எப்போதும் கட்டம் கட்டமாகத்தான் யோசிக்கிறார்கள்.

விழா பிற்பகல் இரண்டரைக்கு, கேன்டீனில். 'உங்கள் நேரம், எங்கள் அக்கறை' என்று பேனர். எங்களிடம் வயர் வாங்கும் கம்பெனியிலிருந்து ஓர் ஆய்வாளர் அம்மையார் சிறப்பு விருந்தினர். மேடையில் அவரோடு நாங்கள் நால்வர். அப்பாவு சார் உழைப்பின் மேன்மை பற்றி முப்பது நிமிடம் பேசினார். பெட்டிகள் வழங்கப்பட்டன. இருநூற்றுப் பன்னிரண்டு பெட்டிகளும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் திறந்தன.

"கடிகாரம் எங்க?" என்று பின்வரிசையில் யாரோ கேட்டார்கள்.

"முதல் கட்டம்!" என்று முழங்கிய தலைவர், பேச்சை மாற்றும் வேகத்தில் விருந்தினருக்கும் ஒரு செயினை நினைவுப் பரிசாக அறிவித்தார். அது ஷெர்லின் கைவசம் இருந்த மாதிரிச் செயின். அம்மையார் கட்டியிருந்த கடிகாரத்தின் பட்டை நைந்திருந்தது. அதைக் கழற்றிவிட்டு ஷெர்லின் அங்கேயே நம் செயினைப் பொருத்தினார். கச்சிதமாகப் பொருந்தியது! நான்கு மாத உழைப்பில் தன் கடிகாரத்தைக் கண்டடைந்த ஒரே செயின் அது. எனக்குக் கண்ணீர் வரும்போல் இருந்தது.

ஹேமந்த் என் காதில் குனிந்தார். "சார், விழாவுல டைம் போனதுல இன்னும் இருவத்தாறு பீஸ் பாக்கி கீது. எல்லாரையும் ஒருவாட்டி லைன்ல ஏத்தி முடிச்சிட்டு அப்பால சைரன் அட்சிடலாம்."

நன்றியுரை சொல்லப் பரிசோதனை மணிக்கட்டை அழைத்தோம். நான் எழுதிக் கொடுத்த உரை அவர் கையில் இருந்தது. பாண்டிச்செல்வி மைக்கின் முன்னால் வந்தார். உரையைப் பிரிக்கவில்லை. விருந்தினரைப் பார்த்தார்.

"அம்மா, இப்ப மணி என்னம்மா?"

அம்மையார் சிரித்துக்கொண்டே புதுச் செயின் மினுங்கக் கையைத் திருப்பினார். "மூணு இருபத்திரண்டு."

"எங்க ஷிஃப்டு மூணு மணிக்கு முடியும்மா."

"அப்படின்னா ஏன் இன்னும் இங்க உட்கார்ந்திருக்கீங்க?"

"இன்னும் மூணு மணி ஆகலம்மா. சைரன் அடிச்சாத்தான் ஆகும்."

மேடையில் இருந்த ஐந்து பேரும் ஒரே நேரத்தில் இடக்கையைத் திருப்பிப் பார்த்தோம். ஐந்து கடிகாரங்களும் ஒரே நேரத்தைக் காட்டின. எங்கள் குழுவுக்குள் இப்படியொரு ஒருமித்த கருத்து அதற்கு முன் வந்ததே இல்லை.

வெளியே ஹாரன் அலறியது. பிறகு கம்பெனி பஸ் ஓட்டும் ராமன் கேன்டீன் வாசலில் வந்து நின்றார். "இன்னா சார் நடக்குது? மூணு மணிலேர்ந்து வண்டிய வெச்சுகினு நிக்கிறேன். எனக்கு அடுத்த ட்ரிப்பு கீது. இதுங்கள வுடுவீங்களா மாட்டீங்களா?"

யாரும் உத்தரவு கொடுக்கவில்லை. பாண்டிச்செல்வி மைக்கை வைத்துவிட்டு ஓடினார். பிறகு முன்வரிசை எழுந்தது. பிறகு எல்லோரும். சைரன் இல்லாமல் எங்கள் தொழிற்சாலை காலியானது அதுவே முதல் முறை. இருபத்தாறு பீஸ் அப்படியே கிடந்தது.

அம்மையாரின் அறிக்கை ஒரு வாரத்தில் வந்தது. 'கைக்கடிகாரச் செயின் மிகச் சிறப்பு. வேலை நேரம் குறித்து விளக்கம் தேவை.' முதல் வாக்கியத்தைச் சட்டம் போட்டு மாட்டினோம். இரண்டாவதற்கு விளக்கம் அனுப்பினோம். பஸ் தாமதம் என்று.

பாண்டிச்செல்வியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்த வரலாறு முழுமையாகாது. விழாவன்று அவர் ஸ்டேஷனில் படியேறும்போது ரயில் கிளம்பிவிட்டது. அடுத்ததைப் பிடித்துப் போனபோது அவருடைய மெஷினில் வேறொரு பெண் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தாளாம். ஆகஸ்ட் பரீட்சை போயிற்று. இனி பிப்ரவரிதான். மறுநாள் அவர் என் அறைக்கு வந்து வெல்வெட் பெட்டியை மேசையில் வைத்தார்.

"சார், நீங்களும் நம்ம பக்கம்தான?"

"ஆமாம்மா" என்றேன்.

"அந்தப் பொத்தான அமுக்குதது நீங்கதான?"

நான் திரும்பிச் சுவரைப் பார்த்தேன். எத்தனையோ முறை அழுத்தியதில் பொத்தானின் சிவப்பு நடுவில் தேய்ந்து வெளுத்திருந்தது. ஒரு மனிதன் கூச்சப்பட வேண்டிய இடம் அது. எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. குறிப்பேட்டைத் திறந்து, 'நிரலுக்கு அப்பாற்பட்ட கேள்வி' என்று எழுதிக்கொண்டேன். அவர் அதைப் படித்துவிட்டுத்தான் போனார்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அன்றிலிருந்து ராமன் தினமும் சரியாக மூன்று மணிக்கு ஹாரனை அழுத்துகிறார். நீளமாக, மூன்று முறை. லைனில் இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் டேப்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள். ஹேமந்த் என்னென்னவோ கத்திப் பார்த்தார். டார்கெட் முடியாமலேயே மூன்று மணி ஆகிவிடுகிற அவலம் இன்றுவரை தொடர்கிறது.

நிர்வாகம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்குமா? கம்பெனி பஸ்ஸுக்கு உறுதியும் அழகும் கொண்ட, ஆனால் காதுக்கு எட்டாத ஒரு ஹாரனைத் தேர்ந்தெடுக்கப் புதிய குழு அமைக்கப்பட்டிருக்கிறது. முன்பிருந்த நால்வரோடு தரக்கட்டுப்பாட்டுத் துறையிலிருந்து ஒருவரையும் சேர்த்திருக்கிறோம். செயலர் நான்தான். 'பரிசோதனைக் காது' ஆக இருக்கும்படி பாண்டிச்செல்வியைக் கேட்டிருக்கிறோம். பதில் வரவில்லை. முதல் கூட்டம் நாளை மூன்று மணிக்குத் தொடங்கும், நான்கு மணிக்கு முடியும். ஒரு நிமிடம்கூடக் கூடுதலாக ஆகாது. எங்கள் ஐந்து பேர் கையிலும் கடிகாரம் இருக்கிறது.